அவகாசத்துக்கு ஓர் அறை

வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைக்க நினைப்பவர் கடைக்குக் கிளம்பும் முன்பே அவரிடம் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. அவகாசம். கோடம்பாக்கத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் இருந்த கூடங்களும் மைக்குகளும் எந்த வீட்டுக்கும் வாய்க்காதவை. ஆனால் அங்கே நேரம் கால்ஷீட்டுக்குச் சொந்தம். வயலின் வரிசை முழுக்க வில்லை உயர்த்தியபடி காத்திருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளரின் ஆள் கடிகாரத்தைப் பார்க்க, பாடகர் 'இன்னொரு தடவை பாடிப் பார்க்கிறேன்' என்று கேட்கத் தயங்குவார். வீட்டில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. நேற்று வராத சங்கதி நாளை வரும். தொண்டை கட்டியிருந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம். அதனால் வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: பாடுகிறவரின் அவகாசத்தை இது கூட்டித் தருமா, இருப்பதையும் தின்றுவிடுமா?

1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 'ரோஜா' வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தக் கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கீபோர்டுகளையும் கணினியையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரவில் பாடகர் வருவார். ஒரே வரியைப் பல விதமாகப் பாடிப் பார்ப்பார். அவற்றையெல்லாம் இசையமைப்பாளர் பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுப்பார். அந்த முறையைச் சாத்தியமாக்கியது, கூடம் தன் வீட்டோடு இருந்ததுதான்.

இன்னொரு உதாரணம் வெகு தொலைவில், இதைவிட எளிய கருவிகளோடு நடந்தது. 1982 ஜனவரியில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் சில பாடல்களைப் பதிவு செய்தார். டீயாக் நிறுவனத்தின் நான்கு ட்ராக் கேசட் கருவி ஒன்று, ஷ்யூர் எஸ்.எம்.57 மைக்குகள் இரண்டு. தன் குழுவினருக்குப் போட்டுக்காட்டுவதற்கான மாதிரிதான் அது. பிறகு முழுக் குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாடல்களைப் பதிவு செய்து பார்த்தபோது, படுக்கையறையில் விழுந்த தனிமை அங்கே விழவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளிவந்தது. நாடாவின் இரைச்சல் அதில் கேட்கிறது. அதற்காக யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை.

இந்தக் கதைகளைக் கேட்டவர்கள் உடனே எந்த மைக், எந்தக் கருவி என்று விசாரிக்கத் தொடங்குவது இயல்பு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அறையை. நம் ஊர் வீடுகளில் ஒதுக்கிக் கொடுக்கக்கூடிய அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. மேல்தளமும் பத்தடி உயரத்தில் இருக்கும். சிமென்ட் சுவர், கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். ஒலிக்கு இதைவிடக் கடினமான இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸிலும் காற்று தானாகவே வீங்கி நிற்கும். 1 கட்டை சுருதியில் பாடும் ஆணின் மந்திர ஸ்தாயி சதுச்ருதி தைவதம் ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ். அவர் கீழே இறங்கி அந்த ஸ்வரத்தைத் தொட்டதும் மற்ற ஸ்வரங்களைவிட அது மட்டும் பெருத்துக் கேட்கும். அவர் அதை அழுத்திப் பாடவில்லை, அறை பாடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் மூன்று ஜோடிச் சுவர்களும் அதே அதிர்வெண்ணில் ஒத்து ஊதும். (குளியலறையில் பாடும்போது யாருக்கும் தன் குரல் பிடித்துப்போவதற்குப் பின்னாலும் இதே சுவர்கள்தான் இருக்கின்றன.) எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மைக்காக இருந்தாலும் இந்த வீக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கும். விலை உயர்ந்ததென்றால் இன்னும் துல்லியமாக எடுத்துக் கொடுக்கும்.

சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டுவது இங்கே நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. அந்த மெல்லிய அட்டை உச்ச ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும். கீழ் ஒலிகளுக்கு அது இருப்பதே தெரியாது. கீழ் ஒலியை அடக்கப் பருமனும் ஆழமும் வேண்டும். நாலு அங்குல ராக்வுல் பலகையை மரச்சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவது நல்ல வழி. தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாமல் நிற்கிறது. பஞ்சு வேலை செய்வது அசையும் காற்றில்தான். இதற்குப் பணமில்லையென்றால், வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிற்க வையுங்கள். புத்தகம் நிறைந்த அலமாரியைப் பாடகருக்குப் பின்னால் நகர்த்துங்கள். திறந்த துணி அலமாரிக்கு முன்னால் நின்று பாடச் சொல்லுங்கள். மடித்து அடுக்கிய பருத்திப் புடவைகள் குரலின் பின்னொலியை விழுங்குவதை ஒரு முறை கேட்டவர்கள் முட்டை அட்டை பக்கம் திரும்ப மாட்டார்கள்.

வெளிச்சத்தம் வேறு விஷயம். மெத்தை உள்ளே எழும் எதிரொலியைத்தான் அடக்கும், தெருவைத் தடுக்காது. தெருவைத் தடுக்கக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்காது. ஆகவே நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பால்காரர் வண்டிக்கு முன், குயில் தொடங்குவதற்கும் முன், விடியாத அந்த ஒரு மணி நேரம்; அல்லது நாய்கள் அடங்கிய பின்னிரவு. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் மின்விசிறியில்லாத அறையில் ஒருவரை ஒரு பாட்டுக்கு மேல் நிறுத்தி வைக்க மனம் வராது. கோடையில் என் பதிவுகள் குறுகிப்போவது இதனால்தான். இதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

மைக்குக்கு வருவோம். கன்டென்சர் மைக் நுட்பமானது, 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், மூச்சின் ஈரத்தைக்கூட எடுத்துவிடும். டைனமிக் மைக் முரடு, மின்சாரம் கேட்காது, கீழே விழுந்தாலும் பிழைக்கும். 1965-ல் வந்த எஸ்.எம்.57-ம் அடுத்த ஆண்டு வந்த எஸ்.எம்.58-ம் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. டைனமிக் மைக் இரைச்சலைத் தானாகத் தள்ளிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்வது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடுகிறது. அறையின் ஒலி அப்படியே இருக்கிறது. டைனமிக் மைக்கை நெருங்கிப் பாடுகிறோம், அதனால் அறை பின்வாங்குகிறது. நெருங்கும்போது குரலின் அடிப்பகுதி சற்றே தடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அடக்கப்படாத அறையில் இருப்பவருக்கு என் பரிந்துரை டைனமிக்தான். அறையை அடக்கிய பிறகு கன்டென்சருக்குப் போகலாம். போனால் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் கடலோர ஈரம் அதன் மெல்லிய சவ்வுக்கு ஆகாது.

பாடுகிறவர் யார் என்பதும் மைக்கைத் தீர்மானிக்கும். தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டிகளின் முகத்துக்கு நேராகப் பெரிய மைக்கைத் தாங்கியில் நிறுத்தினால், "இத அங்கிட்டு எடுத்து வையி சாமி, இத பாத்தா பாட்டு வரமாட்டேங்குது" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அவர்கள் பாட்டு யார் முகத்தையோ பார்த்துப் பாடப்படுவது. குழந்தையை, பிணத்தை, பக்கத்தில் தலைவிரித்து அழும் இன்னொரு பெண்ணை. மைக்கைச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், கண்ணில் படாமல் வைத்து எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கையடக்கப் பதிவுக் கருவி ஒன்று இதற்குப் போதும். நாகஸ்வரத்துக்கோ இந்த அறையே ஆகாது. கோயில் வீதிக்கும் திறந்த பிராகாரத்துக்கும் உருவான வாத்தியம் அது. பத்தடிக் கூண்டில் அதை ஊதச் சொல்வது வாசிக்கிறவரின் காதுக்கே கேடு. மொட்டைமாடிக்கோ கல்யாண மண்டபத்துக்கோ கருவியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் முறை. வாங்கும்போதே தூக்கிச் செல்லத் தக்கதாக வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

மைக்கையும் கணினியையும் இணைப்பது ஆடியோ இன்டர்ஃபேஸ். குரலுக்கு ஒன்று, தம்புராவுக்கோ வீணைக்கோ ஒன்று என்று இரண்டு உள்வழி போதும். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்து, பாடகரையும் சேர்த்தே எடுப்பதானால் நான்கு. இதில் நான் கவனிக்கச் சொல்வது இரண்டே விஷயங்கள். ஒன்று 24 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபெல் வீதம் 16 பிட்டில் 96 டெசிபெல் இடம் கிடைக்கிறது, 24 பிட்டில் கணக்குப்படி 144. நடைமுறையில் கருவிகள் அவ்வளவை எட்டுவதில்லை. எட்டாவிட்டாலும் போதுமான இடம் இருக்கிறது. அளவைத் தாராளமாகக் குறைத்து வைத்தே பதிவு செய்யலாம். கீழே முனகலாகத் தொடங்கி மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குப் பாய்கிற குரலைச் சிவப்பு விளக்கு பயமுறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்று தாமதம். தொழிலில் இதை லேட்டன்சி என்பார்கள். கணினி குரலைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கித் திருப்பித் தருகிறது. 48,000 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் கொண்ட ஒரு கட்டுக்கு 5.3 மில்லி நொடி; போவதும் வருவதும் சேர்ந்தால் பத்தைத் தாண்டும். பத்து மில்லி நொடியில் ஒலி காற்றில் சுமார் 3.4 மீட்டர் கடக்கும். மிருதங்கக்காரர் அவ்வளவு தள்ளி உட்கார்ந்து வாசித்தாலும் கச்சேரி நடக்கும். ஆனால் தன் குரலே அவ்வளவு பிந்திக் காதில் விழுவதை எந்தப் பாடகராலும் தாங்க முடியாது. குரல் எலும்பு வழியாக உடனே கேட்கிறது, ஹெட்ஃபோன் வழியாகப் பின்னால் வந்து அதன்மேல் மோதுகிறது. குடைந்தெடுத்தாற்போல் உள்ளீடற்ற ஒரு குரலாகத் தோன்றும். பாடகர் காரணம் தெரியாமல் அழுத்திப் பாடத் தொடங்குவார், சுருதி மேலேறும். குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேரே காதுக்குத் தரும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி வைத்துப் பாடச் சொன்னால் இன்னும் நல்லது.

இனி மென்பொருள். நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. பதிவு மென்பொருளைத் திறந்ததும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு என்ற கட்டங்கள் வரைந்த வெள்ளைத் தாள் ஒன்று வருகிறது. பக்கவாட்டில் பன்னிரண்டு கட்டைகள் கொண்ட பியானோ. இது ஒரு குறிப்பிட்ட இசை மரபு தன் வீட்டுக்குப் போட்டுக்கொண்ட தரைக்கோலம். அங்கே அது பொருந்துகிறது. நம் விருத்தத்துக்குத் தாளமே கிடையாது. ஆலாபனைக்குக் கட்டம் கிடையாது. கீர்த்தனையில் காலப்பிரமாணம் உண்டு, ஆனால் அது பாடகரும் மிருதங்கமும் மூச்சுக்கு மூச்சு ஒருவரையொருவர் கவனித்துக் காப்பாற்றுவது. சரணத்தில் ஓர் இழை தளர்ந்து, பல்லவிக்குத் திரும்பும்போது நிமிர்வதில் உயிர் இருக்கிறது. 'க்ளிக்' ஒலியைக் காதில் போட்டுக்கொண்டு பாடினால் தவறு வராது. அந்தத் தளர்வும் நிமிர்வும் வராது. பதிவான பிறகு ஒவ்வொரு தட்டையும் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டவைக்கும் வசதியும் இருக்கிறது. மிருதங்கத்தின்மேல் அதைப் பிரயோகித்த பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். நடை எல்லாம் சரியாக இருக்கும், கை இருக்காது.

சுருதி விஷயம் இதைவிடக் கூர்மையானது. நிலநடுக்க அலைகளைப் போன்ற அலைகளை நிலத்துக்குள் அனுப்பி எண்ணெய் தேடும் துறையில் கணக்குப் போட்டவர் ஆண்டி ஹில்டெப்ராண்ட். அதே கணித அறிவை வைத்து 1997-ல் ஆட்டோ-ட்யூனைக் கொண்டுவந்தார். அது பாடகர் எந்த அதிர்வெண்ணில் பாடுகிறார் என்று கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் ஸ்வரத்துக்கு நகர்த்திவிடும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தை ஒட்டியும் மத்யமத்தைத் தொட்டும் அசைகிற அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். அந்தக் கருவிக்கு அது நிலைகொள்ளாத குரலாகத் தெரியும். வேகமாகத் திருத்தும்படி வைத்தால், கமகத்தைப் படிக்கட்டாக வெட்டிக் கொடுத்துவிடும். தோடி போய்விடும். சினிமாப் பாட்டில், குறிப்பிட்ட விளைவு வேண்டும் என்று தெரிந்து பயன்படுத்துவது வேறு. அதில் எனக்குப் புகாரில்லை. வீட்டில் தன் குரலைத் தானே பதிவு செய்யும் இருபது வயதுப் பிள்ளை, திரையில் கோடு வளைவதைப் பார்த்துத் தன் குரல் தவறென்று நம்பத் தொடங்குவதுதான் என்னை உறுத்துகிறது. பதிவு செய்யும்போது திரையை அணைத்துவிடுங்கள். கேட்டுத் தீர்மானியுங்கள்.

அப்படியானால் எந்த மென்பொருள்? திறந்தவுடன் பதிவு செய்ய விடுவது, கட்டங்களை ஒரே அழுத்தில் மறைக்க விடுவது, பழைய லேப்டாப்பில் மூச்சுத் திணறாமல் ஓடுவது. 2000-ல் வந்த ஆடாசிட்டி இலவசம். ஒரு குரலையும் தம்புராவையும் எடுக்க அது தாராளம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. பல ட்ராக் வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ரீப்பரைச் சொல்வேன்: 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். ஏபிள்டன், எஃப்.எல். ஸ்டூடியோ ஆகியவை மின்னணு இசையைக் கட்டுகிறவர்களுக்கு அருமையானவை. குரலைப் பதிவு செய்ய மட்டும் அவற்றுக்குப் போக வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு விரல்கள் அதை அறியும்வரை மாற்றாதீர்கள். ப்ளக்-இன்கள் தேடி இரவுகளைக் கழிக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்த இரவுகள் குரலுக்குரியவை.

ஸ்பீக்கர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடக்காத அறையில் நல்ல ஸ்பீக்கரும் பொய் சொல்லும், ஆகவே முதலில் மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்று போதும். 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த யமஹா என்.எஸ்.10 அங்கே எடுபடாமல், ஸ்டூடியோ மேசைகளில் போய் உட்கார்ந்தது. குறைகளை மறைக்காமல் காட்டியதுதான் காரணம். அந்தக் குணத்தைத்தான் தேட வேண்டும். 'உம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், கருவிகளைக் குறை சொல்லும் முன் லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். பிறகு வீட்டு எர்த் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டறை தராதவையும் உண்டு. முப்பது பேர் ஒரே கூடத்தில் மூச்சுவிட்டு, நடத்துநரின் கைக்கு ஒன்றாக எழும்பிய அந்தச் சேர்ந்திசையின் காற்று, தனித்தனியாக எடுத்து ஒட்டுவதில் வருவதில்லை. பாடகரும் மிருதங்கமும் வயலினும் மூன்று ஊர்களிலிருந்து மூன்று கோப்புகளாக வந்து சேரும்போது, வயலின் பாடகரின் முகத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்த அந்த அரை நொடி இருப்பதில்லை. என்னால் முடிந்தபோதெல்லாம் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடுகிறேன். ஒருவர் ஒலி இன்னொருவர் மைக்கில் கசியும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. கசியட்டும். நம் மரபின் பெரும் கச்சேரிகள் பலவற்றை ரசிகர்கள் ஸ்பூலிலும் கேசட்டிலும் எடுத்துவைத்தார்கள். தனித்தனி ட்ராக் எதுவும் அவற்றில் கிடையாது, சபையின் இருமலும் சேர்த்தே விழுந்திருக்கிறது. அவற்றைக் கேட்டுத்தான் இன்றைய வித்வான்கள் பலர் கற்றார்கள்.

அவகாசம் பதிவோடு முடிவதில்லை, பதிவுக்குப் பின்னும் வேண்டும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். ராகங்களை அந்த அளவுக்கு மடித்துப் பாடினார்கள். இன்று 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு குரலுக்கு நிமிடத்துக்கு 8.64 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு அரை ஜி.பி.யைச் சற்றே தாண்டும். ஆகவே பாடகர் வந்து உட்கார்ந்ததுமே பதிவைத் தொடங்கிவிட்டுக் காபி கொடுங்கள். பேச்சுக்கு நடுவே அவர் முனகிக் காட்டும் வரி சில சமயம் பிறகு பாடும் முழுப் பாட்டைவிட நன்றாக இருக்கும். வேலை முடிந்த பின் ஒவ்வொரு ட்ராக்கையும் தனி வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பை அந்த மென்பொருள் மறைந்த பிறகு எதனாலும் திறக்க முடியாமல் போகலாம். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைக் கூம்புக்குள் சொன்னார். தூர தேசத்தில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டியிருந்தது. நாமும் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் குரலிலேயே சொல்லிவிடலாம்: பாடுகிறவர் பெயர், ஊர், தேதி, எத்தனை கட்டை சுருதி, பாட்டை யாரிடம் கற்றார். கோப்பின் பெயர் மாறும், தாள் தொலையும். குரலோடு சேர்ந்த விவரம் பிரியாது. பிறகு மூன்று பிரதி. ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். 2015 டிசம்பரில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த நகரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். அந்த மூன்றாவது வட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது கணினியில் மாட்டி, கோப்புகள் திறக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.